காலத்தை முந்திய குதிரைகளா? வங்க ராக் இசையின் இரண்டாம் வருகை

1995ஆம் ஆண்டின் கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் ஓர் இசைத்தொகுப்பு விற்பனைக்கு வந்தது. ‘ஆபார் போச்சோர் குடி போரே’ என்பது அதன் பெயர். ‘மீண்டும், ஏறத்தாழ இருபதாண்டு கழித்து’ என்று பொருள். ‘மொஹினேர் கோராகுலி’ என்ற இசைக்குழுவின் பெயரில் அது வெளிவந்தது. அக்குழு 1970களின் நடுவில் தோன்றி, 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டு, 1981இல் கலைந்துபோனது. அதன் பின் அப்பெயரை நினைவில் வைத்திருந்தோர் சிலரே. 1995இல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒருவர், அக்குழு இயங்கிய காலத்தில் சிறு குழந்தையாகவே இருந்திருப்பார். அப்படிப்பட்டவர்கள்தாம் அந்தத் தொகுப்பைக் கொண்டாடினர். அடுத்த முப்பது ஆண்டுகளில் விடுதி அறைகளிலும் கல்லூரி விழாக்களிலும் அதன் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் கடத்தினர். இன்று வங்க மொழியின் முதல் ராக் குழு எது என்று கேட்டால் கொல்கத்தாவில் பெரும்பாலும் கிடைக்கும் விடை இக்குழுவின் பெயரே.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒரு தொடர் தவறாமல் வந்துவிடுகிறது: ‘அவர்கள் காலத்தை முந்தியவர்கள்.’ பாராட்டாகவே அது சொல்லப்படுகிறது. ஆனால் வரலாற்று விளக்கம் என்ற அளவில் அது பயனற்ற தொடர். ஓர் இசை தன் காலத்தில் ஏன் கேட்கப்படவில்லை என்ற கேள்விக்கு அது விடை கூறுவதில்லை. இருபதாண்டு கழித்து ஏன் கேட்கப்பட்டது என்பதற்கும் கூறுவதில்லை. பழம் பழுக்கும்வரை காத்திருந்ததுபோல, காலமே எல்லாவற்றையும் செய்துவிட்டதாக அது காட்டுகிறது. நடந்ததோ வேறு. இடைப்பட்ட இருபதாண்டுகளில் கேட்கும் செவிகள் உருவாக்கப்பட்டன. கேட்கப்பட்ட பாடல்களும் பழையவை அல்ல, பெரும்பகுதி புதிதாக ஆக்கப்பட்டவை.

குழுவின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘மொஹினேர் கோராகுலி’ என்றால் மொஹினின் குதிரைகள். கவிஞர் ஜீவனானந்த தாஸின் ‘கோரா’ என்ற கவிதையிலிருந்து எடுக்கப்பட்ட தொடர் இது. அக்கவிதை 1948இல் வெளிவந்த ‘சாத்தி தாரார் திமிர்’ தொகுப்பில் உள்ளது. ஏழு விண்மீன்களின் இருள் என்பது அத்தொகுப்பின் பெயர்ப்பொருள். இசைக்குழுவில் இருந்தவர்களும் எழுவர். தொடக்கத்தில் தங்களுக்கு அவர்கள் இட்டுக்கொண்ட பெயர் ‘சப்தரிஷி’. பின்னர் உறுப்பினர்களுள் ஒருவரான ரஞ்சன் கோஷால் சொன்ன யோசனையின்படி குதிரைகள் வந்தன. ஏழு முனிவர்களிடமிருந்து ஏழு விண்மீன்களின் கவிஞருக்கு நகர்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம்; ஆனால் அந்தக் கவிஞரின் தேர்வைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஜீவனானந்தர் 1954இல் கல்கத்தாவில் டிராம் வண்டி மோதி இறந்தார். ‘ரூபசி பாங்ளா’ என்ற அவருடைய புகழ்பெற்ற நூல் 1957இல்தான் அச்சேறியது. அவர் எழுதிக் குவித்துப் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்த புதினங்கள் அதற்கும் பிறகே ஒவ்வொன்றாக வெளிவந்தன. தமக்குப் பின் பிறந்தவர்களாலேயே முழுமையாகப் படிக்கப்பட்ட ஒரு கவிஞரிடமிருந்து, அதே விதியைச் சந்திக்கவிருந்த ஒரு குழு தன் பெயரைப் பெற்றது. 1995ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பும் அவருடைய கவிதையிலிருந்தே வந்தது.

மொழியியல் மாணவர்கள் இங்கே ஒரு கணம் நிற்கலாம். பெயரின் ஈற்றிலுள்ள ‘குலி’ பன்மை விகுதி. பேச்சு வங்காளத்தில் ‘குலோ’ என்பதே மிகுதி. ‘குலி’ எழுத்து நடைக்கு உரியது. மின்கித்தாரும் டிரம்ஸும் வைத்துப் பாடவந்த இளைஞர்கள் பேச்சு வடிவைத் தேடாமல் கவிதையின் எழுத்து வடிவை அப்படியே சூடிக்கொண்டனர். இவ்விகுதியைத் தமிழின் ‘கள்’ விகுதியோடு உறவுபடுத்திப் பேசிய பழைய அறிஞர்கள் உண்டு. வடமொழிக் ‘குல’ என்பதிலிருந்து வந்தது என்பார் மறுதரப்பினர். தமிழர்க்கு இனிக்கும் கருத்து முதலாவது, இனிப்பது சான்றாகிவிடாது.

1970களின் கல்கத்தாவில் மேற்கத்திய இசைக்குப் பஞ்சமில்லை. பார்க் தெருவின் உணவகங்களில் மாலைதோறும் நேரடி இசை நடந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் பாடத் தொடங்கிய உஷா உதுப் 1969 முதல் அத்தெருவின் டிரிங்காஸில்தான் பெயர் பெற்றார். டெஸ்மண்ட் டாய்க் ஆசிரியராக இருந்த ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ இதழ் 1967 முதல் 1977 வரை பீட்டில்ஸ், டிலன் செய்திகளை நகரத்தின் ஆங்கிலம் படித்த இளைஞரிடம் கொண்டு சேர்த்தது. சிகரெட் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ‘சிம்லா பீட்’ போட்டிகளில் கல்கத்தா, சென்னை, பெங்களூர், ஷில்லாங் குழுக்கள் மோதின. 1970, 1971ஆம் ஆண்டுப் போட்டிகளின் பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் வந்தன. ஆனால் இவை அனைத்தும் ஆங்கிலத்தில் நடந்தன. வங்க மொழிப் பாடலின் உலகம் தனியே இருந்தது. ரவீந்திர சங்கீதம், நஸ்ருல் கீதம், ‘ஆதுனிக் கான்’ எனப்பட்ட நவீன மெல்லிசை ஆகியவற்றை வானொலியும் கிராமபோன் நிறுவனமும் வகை பிரித்து வைத்திருந்தன. தாகூர் பாடல்களைப் பதிவு செய்ய விஸ்வபாரதி இசை வாரியத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. 2001 இறுதியில் பதிப்புரிமை முடியும்வரை அந்த நிலை நீடித்தது. பார்க் தெரு இரசிகருக்கு வங்காளத்தில் பாடுவது பாமரம். ரவீந்திர சங்கீத இரசிகருக்குக் கித்தார் அந்நியம். இவ்விரு அவைகளுக்கும் நடுவில், எவர்க்கும் உரியதல்லாத இடத்தில் வந்து நின்றனர் அந்த எழுவர்.

அவர்களுள் முதன்மையானவர் கௌதம் சட்டோபாத்யாய். பிரசிடென்சி கல்லூரி மாணவர். பார்க் தெருப் பாணி இசையை அறிந்தவர். நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை கண்டவர். அவருடைய உடன்பிறந்தோர், உறவினர், நண்பர் ஆகியோரே மற்றவர். நெருக்கடி நிலை நடப்பில் இருந்த ஆண்டுகளில் குழு உருப்பெற்றது. அது நீங்கி, இடது முன்னணி ஆட்சிக்கு வந்த 1977இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. நகரத்தில் ஒரு தலைமுறை இளைஞர் கொல்லப்பட்டும் சிறைப்பட்டும் ஊரைவிட்டு ஓடியும் போயிருந்த காலம். புரட்சிப் பாடல்களை அவரிடம் எதிர்பார்த்தோர் ஏமாந்திருப்பர். அப்பாடல்களில் முழக்கம் இல்லை. நகரத்தின் தனிமையும் அன்றாடமும் இருந்தன. கித்தார், வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ் ஆகியவற்றோடு பாவுல் நாடோடிகளின் பாட்டு முறையும் கலந்திருந்தது. ‘பாவுல் ஜாஸ்’ என்றே அது அழைக்கப்பட்டதுண்டு. ‘வங்க ராக்’ என்ற பெயர் பின்வந்தோர் சூட்டியது.

இசைத்தட்டுகளின் தலைப்புகள் வேண்டுமென்றே வழுக்கும் மொழியில் அமைந்தவை. முதலாவது ‘சங்விக்ன பாக்கிகுல் ஓ கல்கத்தா விஷயக்’: கலங்கிய பறவைக்கூட்டமும் கல்கத்தாவும் பற்றியது. ‘சங்விக்ன’ என்பது அகராதியில் தேடவேண்டிய வடசொல். ‘பாக்கி’ என்பதோ குழந்தையும் அறிந்த, பறவையைக் குறிக்கும் அன்றாடச் சொல். அதனோடு ஒட்டியுள்ள ‘குல்’ மீண்டும் வடமொழி. ‘விஷயக்’ என்ற முடிவு அரசாணையை நினைவூட்டும். இரண்டாவது தட்டின் பெயர் ‘அஜானா உடன்த பஸ்து’, அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்; ஆங்கிலச் சுருக்கத்தைக் கேலி செய்து அதையே ‘அ-உ-ப’ என்றும் சுருக்கிக்கொண்டனர். மூன்றாவதன் பெயர் ‘திருஷ்யமான் மொஹினேர் கோராகுலி’, கண்ணுக்குத் தெரியும் மொஹினின் குதிரைகள். அது வெளிவந்த 1979இல் அவர்களைக் கண்டவர் அதிகமில்லை என்பதை அவர்களே அறிந்திருந்ததுபோல் இருக்கிறது அந்தத் தலைப்பு.

1981க்குப் பின் அவரவர் தொழிலுக்குப் பிரிந்தனர். கௌதம் திரைப்படம் இயக்கப் போனார். அப்பத்தாண்டில் வங்கப் பண்பாட்டு விவாதங்களை ஆட்டிப்படைத்த சொல் ‘அபசம்ஸ்கிருதி’, அதாவது இழிபண்பாடு. உஷா உதுப்பை அரசு அரங்குகளில் பாடவிடலாகாது என்று மாநில அமைச்சர் ஒருவரே கூறி, பாடகர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்த காலம் அது. கித்தார் என்றாலே ஐயத்தோடு பார்க்கும் அச்சூழலில் பழைய குழு மீண்டும் கூடுவதற்கோ, பழைய தட்டுகள் மறுபதிப்புக் காண்பதற்கோ எந்தத் தூண்டுதலும் இல்லை. எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. வங்கதேசத்தில் 1971 விடுதலைப் போரில் ஈடுபட்ட ஆசம் கான் போன்றோர் வங்க மொழியிலேயே ராக் இசையைப் பொதுமேடையில் நிலைநிறுத்தியிருந்தனர். மொழி தடையன்று என்பதற்கு டாக்கா சான்றாக இருக்க, கல்கத்தா அதைக் கேட்க மறுத்தது. ‘காலத்தை முந்தியவர்கள்’ என்ற தொடர் மறைத்துவிடுவது இதைத்தான். ஒரே மொழி, ஒரே பத்தாண்டு. முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் அத்தகைய இசைக்கு அவை இருந்தது, இங்கே இல்லை. ஆகவே குறை காலத்தினுடையதன்று. நகரத்தின் அவைகள், வானொலி, இசைத்தட்டு நிறுவனங்கள், ‘நல்ல பண்பாடு’ எது என்று தீர்ப்பளித்தோர் ஆகியோரின் பங்கு அதில் உண்டு.

திருப்பம் 1992இல் வந்தது. ஜெர்மனி, அமெரிக்க வானொலிகளில் பணியாற்றித் திரும்பிய சுமன் சட்டோபாத்யாய், இன்று கபீர் சுமன் என அறியப்படுபவர், ‘தோமாக்கே சாய்’ தொகுப்பை வெளியிட்டார். ஒரு மனிதர், ஒரு கித்தார், பேச்சு வங்காளம், நகரத்தின் தெருக்கள். டிலனின் புகழ்பெற்ற பாடல் ஒன்றையும் வங்காளத்தில் ஆக்கிப் பாடினார். நசிகேதா, அஞ்சன் தத் எனப் பிறர் தொடர்ந்தனர். கித்தாரோடு பாடும் வங்கக் குரலை அருவருப்பின்றிக் கேட்க ஒரு தலைமுறை பழகிக்கொண்டது. வரிசையை நோக்கினால் வேடிக்கை: பின்னவர் வந்து முன்னவருக்கு வழி செய்தார். சுமனைக் கேட்ட செவிகள் இல்லாவிட்டால் 1995இல் குதிரைகள் திரும்பி வந்திருந்தாலும் வாயிலில் ஆளிருந்திராது.

இனி அந்தத் தொகுப்பைப் பற்றி. அதைப் பழைய பாடல்களின் மறுபதிப்பு என்று எண்ணுவது பரவலான மயக்கம். உறையில் அது ‘சம்பாதித’ என்று குறிக்கப்பட்டது. மொஹினேர் கோராகுலியால் ‘தொகுத்துச் செப்பமாக்கப்பட்டது’ என்ற பொருளில். கௌதம் தம் பழைய பாடல்களையும் புதியவற்றையும் அன்றைய இளம் பாடகர்களுக்கும் குழுக்களுக்கும் கொடுத்துப் பாடவைத்தார். பிறர் ஆக்கியவற்றையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் இதே முறையில் மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. இலக்கியத்தில் பதிப்பாசிரியர் உண்டு. இசைக்குழு ஒன்று தன்னைப் பதிப்பாசிரியராக அறிவித்துக்கொள்வது அரிது. இங்கே ‘குழு’ என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. எழுவர் சேர்ந்து வாசித்தது 1981இல் முடிந்தது. 1995இல் திரும்பி வந்தது ஒரு பெயர். அந்தப் பெயரின் கீழ் இருபது வயதினர் பாடினர். இளைஞர் பழைய இசையைக் ‘கண்டெடுத்தனர்’ என்பதைவிட, அதன் பாதியை அவர்களே பாடி உருவாக்கினர் என்பதே சரி.

இதற்குப் பாடல்களின் சொற்களே சான்று. இக்குழுவின் பாடல்களில் இன்று மிகப் பரவலாக அறியப்படும் ‘பிருதிபீடா நாகி’யை 1970களின் பாடலாகவே கருதிக் கேட்போர் பலர். உலகம் சுருங்கித் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடங்கிவிட்டதைப் பற்றிய பாடல் அது. அதில் செயற்கைக்கோளும் கேபிளும் பேசப்படுகின்றன. வீட்டுக் கூடத்துக்குள் செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்தியாவில் நுழைந்தது 1991இல். கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி காட்டுவதுபோல இங்கே இரண்டு கடன்சொற்கள் காலத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. தலைப்பிலுள்ள ‘நாகி’ என்ற இடைச்சொல்லும் கவனிக்கத்தக்கது. பிறர் சொல்லக் கேட்டதை, நம்பியும் நம்பாமலும் திருப்பிச் சொல்லும் சொல் அது. தமிழில் வினையின் இறுதியில் வரும் ‘ஆம்’ செய்யும் வேலையைச் செய்வது. ‘போகிறதாம்’ என்பதில் உள்ள கேலி முழுவதும் அந்த ஓரசையில் இருப்பதுபோல, அப்பாடலின் கேலியும் அந்தச் சொல்லில் இருக்கிறது.

2006இல் ‘கேங்ஸ்டர்’ என்ற இந்தித் திரைப்படத்தில் இசையமைப்பாளர் பிரீதம் அந்த மெட்டைப் பயன்படுத்தினார். ‘பீகி பீகி’ என்ற அப்பாடலைப் பாடியவர் வங்கதேசத்தின் ராக் பாடகர் ஜேம்ஸ். டாக்காவின் குரலில், மும்பையின் திரையில், கல்கத்தாவின் மெட்டு நாடெங்கும் சென்றது. ஆனால் அது காதல் ஏக்கப் பாட்டாகிவிட்டது. ‘நாகி’யும் அதன் ஏளனமும் எல்லை தாண்டவில்லை. செயற்கைக்கோள் தொலைக்காட்சியைப் பழித்த ஒரு பாடலின் மெட்டு, அதே தொலைக்காட்சியின் இசை அலைவரிசைகளில் ஓயாமல் ஒலித்ததைக் கௌதம் கேட்கவில்லை. அவர் 1999 ஜூனில் இறந்துவிட்டிருந்தார்.

இத்தகைய இரண்டாம் வருகைகள் வேறெங்கும் நடவாதவை அல்ல. மிசிசிப்பியின் ராபர்ட் ஜான்சன் 1936, 1937ஆம் ஆண்டுகளில் பாடிப் பதிவு செய்து 1938இல் இறந்தார். 1961இல் கொலம்பியா நிறுவனம் அவற்றில் சிலவற்றைத் தேர்ந்து ஒரே தட்டாக வெளியிட்டது. கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளாப்டன் உள்ளிட்ட இங்கிலாந்து இளைஞர் ப்ளூஸின் மூலவடிவம் என்று மயங்கிக் கற்றது அத்தேர்வைத்தான். 1930களில் அவரைவிட நன்றாக விற்ற ப்ளூஸ் பாடகர் பலர் இருந்தனர். குவீன் குழுவின் ‘போகிமியன் ராப்சடி’ 1975இல் வெளிவந்தது; 1992இல் ஒரு நகைச்சுவைத் திரைப்படம் அதை அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடத்துக்கு உயர்த்தியது, முதல் சுற்றில் எட்டிய ஒன்பதாம் இடத்தைவிட மேலே. ‘கிளாசிக் ராக்’ என்ற பெயரே அமெரிக்கப் பண்பலை வானொலியினர் 1980களில் விளம்பரதாரருக்காக நிலைபெறச் செய்த வகைப்பாடு. அதில் அடங்கும் பாடகர் எவரும் தாம் பாடியபோது அப்படியொன்றைப் பாடுவதாக எண்ணியதில்லை. வங்கத்தின் வேறுபாடு இதுதான்: இங்கே தேர்வு செய்தது நிறுவனமோ வானொலியோ அன்று. பழைய குழுவின் தலைவரே உயிரோடிருந்து, தம் கடந்தகாலத்தைத் தாமே மறுபதிப்புச் செய்து இளைஞர் கையில் கொடுத்தார்.

அதற்கொரு விலையும் இருந்தது. தொகுப்புகள் பரவப் பரவ 1977–79 தட்டுகளின் மூல ஒலி பின்னுக்குப் போயிற்று. அவற்றின் வாத்திய அமைப்பு தயக்கம் மிக்கது, ஒலிப்பதிவு மெலிந்தது, வயலினும் புல்லாங்குழலும் கித்தாருக்கு இணையாகப் பேசுவது. 1990களின் பதிவுகளோ அக்கால ராக் இசையின் தடிப்பான ஒலியைக் கொண்டவை. பின்வந்த வங்க இசைக்குழுக்கள் தம் முன்னோர் என்று வணங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஒலியைத்தான். பாவுல் பாட்டும் மேற்கத்திய இசையும் ஒன்றையொன்று தடவிப் பார்த்த அந்த முதல் தயக்கத்துக்கு வாரிசு குறைவு. வங்க ராக்கின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர் மூன்று தட்டுகளையும் நான்கு தொகுப்புகளையும் வேறு வேறு காலத்தின் ஆவணங்களாக வைத்துப் படிப்பது நலம். ஒன்றை மற்றதற்குச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் ஏற்கெனவே போதிய அளவில் உள்ளன.

எஞ்சிய உறுப்பினர்களின் நிலையும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. ‘பாபி’ என அன்போடு அழைக்கப்பட்ட தாபஸ் தாஸ் பிற்காலத்தில் இளையவர்களோடு சேர்ந்து நடத்திய குழுவின் பெயர் ‘மொஹின் ஏகோன் ஓ பந்துரா’: மொஹின் இப்போது, நண்பர்களும். பழைய பெயரோடு ‘இப்போது’ என்ற சொல்லைச் சேர்க்கவேண்டிய தேவை யாருக்கு வரும் என்பது சிந்திக்கத்தக்கது. கௌதமின் மகன் கௌரவ் ‘லக்கிசாரா’ என்ற குழுவின் டிரம்ஸ் கலைஞரானார். 2020இல் ரஞ்சன் கோஷால் பெங்களூரில் மறைந்தார். 2023இல் தாபஸ் தாஸ் புற்றுநோயால் துன்புற்றபோது, மருத்துவச் செலவுக்காக இசைநிகழ்ச்சிகள் நடத்தி நிதி திரட்டியோரில் பெரும்பாலோர் அவருடைய குழு கலைந்த பின் பிறந்தவர்கள். அவ்வாண்டு ஜூனில் அவர் இறந்தார். வாழ்நாள் முழுதும் பாடல்களால் அறியப்பட்ட ஒருவர், தம் சிகிச்சைக்கு அப்பாடல்களின் உரிமைத்தொகையை நம்பியிருக்க முடியாமல் இரசிகரின் கொடையை நம்பியிருக்க நேர்ந்தது. பாடல்கள் எத்தனை இலட்சம் முறை கேட்கப்பட்டன என்ற கணக்கோடு இதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

முதல் இசைத்தட்டில் ‘ஹாய் பாலோபாசி’ என்றொரு பாடல் உண்டு. பாடுபவர் தாம் விரும்புபவற்றை அடுக்கிச் செல்வார். பிக்காசோ, புனுவேல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன், ரவிசங்கர், அலி அக்பர் கான் ஆகியோர் பெயர்கள் அதில் வரும். 1977இல் அதைக் கேட்ட ஒருவருக்கு அப்பட்டியல் இரண்டாகப் பிரிந்து தெரிந்திருக்கும்: தாந்தேயும் பீத்தோவனும் பாடநூலுக்கு உரியவர்கள்; பிக்காசோ நான்காண்டுகளுக்கு முன் இறந்தவர்; மற்றவர்கள் உயிரோடிருந்து, புதிய தட்டுகளும் படங்களும் தந்துகொண்டிருந்தவர்கள். பீட்டில்ஸ் நால்வரும் அன்று வாழ்ந்துகொண்டிருந்தனர். இன்று ஜாதவ்பூரிலோ டாக்காவிலோ ஒரு மாணவர் அப்பாடலைப் பாடும்போது அந்தப் பிரிவு இல்லை. தாந்தேயும் டிலனும் ஒரே அலமாரியில் இருக்கின்றனர், பாடலை ஆக்கியவர்களும் அவர்களருகே.